பத்துப் புத்தகமும் ஒரு பாஸ்வேர்டும்

அயர்லாந்துக்காரர்கள் ஆளைப் பார்த்தவுடன் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பெய்தால் பெய்கிறதே என்பார்கள், பெய்யாவிட்டால் இன்னும் பெய்யவில்லையே என்பார்கள். அதைப் பழகிக்கொள்ளலாம். ஐந்து வருடமாகியும் எனக்குப் பழகாதது அவர்களுடைய இரண்டாவது கேள்வி. "இப்போது என்ன வாசிக்கிறாய்?" ஊரில் நாம் எதிரே வருகிறவரிடம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்போமே, அந்த மாதிரி சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். சாப்பாட்டுக் கேள்விக்குத் தயாரிப்பு எதுவும் வேண்டாம். பட்டினியாக இருந்தாலும் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் வாயைத் திறந்து பார்க்கப்போவதில்லை. இவர்கள் அப்படி விடுகிற ஆட்கள் இல்லை. ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால், "அப்படியா, அதில் எந்த இடம் பிடித்தது?" என்று அடுத்ததைப் போடுவார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். கார்க் நகரத்தை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். சேர்ந்த புதிதில், டீ இடைவேளையில், என்னோடு வேலை பார்க்கும் ஷிவோன் இந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னேன்: "பன்னிரண்டாம் அறைப் பெரியவரின் மருந்துச் சீட்டு." அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றைக்கு எனக்கு நகைச்சுவைக்காரி என்று ஒரு பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும், "கழிவறை அடைத்துக்கொண்டது" என்று சொன்னால்கூட, ஒரு விநாடி சிரித்துவிட்டுத்தான் எழுந்து வருவார்கள்.

நான் வாசிக்கவே வாசிக்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது பழைய வார இதழைப் புரட்டுகிற ரகம். தொடர்கதையை நடுவில் ஆரம்பித்து நடுவிலேயே விட்டுவிடுவேன், அந்தக் கதாநாயகி என்ன ஆனாள் என்று ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் டீக் கோப்பையோடு எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நாவலைப் பற்றிப் பேசும்போது, வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருப்பது கொஞ்சம் கேவலமாக இருந்தது. இந்த ஏப்ரலில் ஒருநாள் போனில் விளம்பரம் வந்தது. மின்னூல் சந்தா, லட்சக்கணக்கான புத்தகங்கள், தமிழ்கூட உண்டு, முதல் மாதம் இலவசம். இலவசம் என்றபிறகு யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் புத்தகம் தேடினேன். வாசித்தது மூன்று நிமிடம். உடனே போன் கிணுகிணுத்து, "அருமை! மூன்று சதவீதம் முடித்துவிட்டீர்கள்!" என்றது. நர்சிங் கல்லூரியில் நாலு வருடம் உழைத்தும் என்னை ஒருத்தர் இப்படிப் பாராட்டியதில்லை. நாலாம் நாள், தொடர்ந்து வாசித்ததற்காக ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அந்த நாலில் இரண்டு நாள், பையில் கிடந்த போனில் தெரியாமல் விரல் பட்டுத் திறந்துகொண்டது. ஒரு தடவை கோழிக் குழம்புக்காகச் சமையல் புத்தகம் எடுத்தேன். அடுத்த வாரம் அது எனக்குக் கோழி வளர்ப்பைப் பரிந்துரைத்தது. அதற்கடுத்த வாரம் கோழிக்கு வரும் நோய்கள். விட்டால் என்னை அயர்லாந்திலிருந்து கிளப்பிப் பண்ணை வைக்க அனுப்பியிருக்கும்.

இப்படி ஒரு சங்கதி வாங்கியிருக்கிறேன் என்று வீட்டுக்குப் போன் செய்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். ஸ்பீக்கர் போடாமல் காதில் வைத்துப் பேசினால், "அப்படி என்ன ரகசியம்?" என்று கேள்வி வரும். அதனால் நான் ஒருத்தரிடம் சொன்னது அம்மாவுக்கும், அந்தோணி அண்ணனுக்கும், அவர் மனைவி சகாயராணி மதினிக்கும், தங்கச்சி ஜெனிட்டாவுக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. விசைப்படகுகளுக்கு அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் போட்டைக் கரையேற்றி வைத்துவிட்டு, பகலில் அதற்குப் பெயின்ட் அடிப்பதும் சாயங்காலம் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதுமாக இருந்தார்.

"அந்தப் பாஸ்வேர்ட இங்கன அனுப்பி விடுக்கா," என்றாள் ஜெனிட்டா.

அனுப்பினேன். ஒரு பாஸ்வேர்டை ஒரே ஆள் வைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் சுயநலம். போன லீவில் நான் கொடுத்துவிட்டு வந்த பழைய போன் ஒன்று அடுக்களை அலமாரியில் பொதுச் சொத்தாகக் கிடக்கும், அதிலும் போட்டுக்கொண்டார்கள். ஜெனிட்டா கோடீசுவரத் தொழிலதிபர்களைக் காதலிக்கும் நாவல்களாக எடுத்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, கோவில் பூசையில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது, மாப்பிள்ளை ஐஸ் பிளான்டில் மேற்பார்வை. அம்மாவுக்குக் கண் சரியில்லை என்பதால் புனிதர் வரலாறுகளை இயந்திரக் குரலில் வாசிக்கவிட்டுக் கேட்டார். அந்தக் குரலுக்கு நிறுத்தத் தெரியாது, மூச்சுவிடத் தெரியாது, ஆனாலும் அது முடிக்கிற இடத்தில் அம்மா "ஆமென்" சொல்லுவாராம். அண்ணன் டீசல் என்ஜின் பழுதுபார்ப்பது பற்றி ஒன்றை எடுத்து, படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஒண்ணும் தெரியல" என்று மூடிவிட்டார். சந்தா நிறுவனத்துக்கு இதெல்லாம் நான் ஒருத்தி. ஒரே பிற்பகலில் வேதசாட்சியின் மரணத்தையும் தொழிலதிபரின் முத்தத்தையும் பிஸ்டன் ரிங்கையும் வாசிக்கிறவள். ஷிவோனிடம் என் பட்டியலைக் காட்டினேன். "அடேயப்பா, உனக்கு எவ்வளவு விரிந்த ரசனை!" என்று அசந்துபோனாள். நான் பட்டியலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிக் காட்டினேன்.

சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு நேரத்தில் பத்துப் புத்தகம்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது சந்தாவின் விதி. பதினொன்றாவது வேண்டுமென்றால் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெனிட்டா அம்மாவின் புனிதரைத் திருப்பிக் கொடுப்பாள், அம்மா சாபமிடாத குறையாகச் சத்தம்போட்டுவிட்டு, பழிக்குத் தொழிலதிபரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுவார். இது போதாதென்று ஒருநாள் பத்தும் மொத்தமாகக் காணாமல் போயின. யார் வேலை என்று விசாரித்தால், அண்ணன்.

"பதினாலு நாள் ஆச்சுல்ல? லைப்ரரிப் புத்தகத்த நேரத்துக்குக் குடுக்கணும். அங்கன ஒனக்கு எதுவும் கெட்ட பேரு வந்துரக் கூடாது," என்றார்.

இது அப்படிப்பட்ட லைப்ரரி இல்லை, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று தொண்டை வறளச் சொன்னேன். "சொல்லுவாய்ங்க, கடைசில ஒன்னையக் கூப்ட்டு வச்சுக் கேப்பாய்ங்க," என்று முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எட்டாம் வகுப்பில் அவர் ஒரே ஒரு நூலகப் புத்தகம் எடுத்திருக்கிறார், கடற்பயணக் கதை. கடற்பயணக் கதையைக் கடலில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்று மாமாவின் வள்ளத்தில் கொண்டுபோனார். அலை அடித்துப் புத்தகம் உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தாள் தாளாகப் பிரித்து, கிழிந்ததைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, பதினாலாம் நாள் சரியாகக் கொண்டுபோய் நீட்டினார். நூலகர் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ஏலே, இது புத்தகமா கருவாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அண்ணன் அதற்குப் பிறகு எந்த நூலகத்திலும் கால் வைக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில் இந்தப் பாழாய்ப்போன சந்தா வந்து மறுபடி அவர் தலையில் ஒரு கெடுவைக் கட்டிவிட்டது.

இலவச மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, போதுமடா சாமி என்று சந்தாவை நிறுத்தப் போனேன். சேருவதற்கு ஒரு தட்டு போதும். விலகுவதற்கு ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணீரோடு ஒரு குட்டி ஆந்தை உட்கார்ந்துகொண்டு, "நிச்சயமாகவா?" என்றது. ஐந்தாம் பக்கத்தில், "நீங்கள் இழக்கப்போகும் புத்தகங்கள்" என்று ஒரு பட்டியல் காட்டினார்கள். தொழிலதிபர்கள், புனிதர்கள், நடுவில் ஒன்று. பெண்களுக்கு மார்பில் வரும் கட்டிகளைப் பற்றி ஒரு டாக்டரம்மா தமிழில் எழுதியது. கடைசியாக வாசித்தது அன்றைக்குக் காலை. நான் அதை எடுக்கவில்லை.

திறந்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. வலியில்லாத கட்டியை வலியில்லை என்பதற்காகவே சும்மா விடக் கூடாது என்கிற வரி. வீட்டில் மூன்று பெண்கள். இதில் யார்?

உடனே போன் செய்தேன். ஸ்பீக்கர். "எல்லாரும் நல்லா இருக்கீகளா?" என்றேன். "எங்களுக்கு என்ன, நல்லா இருக்கோம். நீ சாப்ட்டியா?" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது நம்மூர்ச் சட்டம். போன வருடம் அம்மா வழுக்கி விழுந்து கை ஒடிந்ததை, மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். ஒன்றரை மாதம் வீடியோவில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே பேசினார். அங்கே மே மாத வெயில், "குளுருதும்மா" என்றார், நானும் நம்பினேன். இந்த நாட்டிலோ பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர் தன் பித்தப்பைக் கல்லின் அளவைக்கூட விரல் வைத்துக் காட்டுவார். எனக்கு அந்த வழக்கத்தின்மேல் முதல்முறையாகப் பொறாமை வந்தது.

தனியாக யாரிடமும் கேட்க வழியில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் எட்டிப் பார்க்காத ஒரே இடம் அந்தப் புத்தகம்தான். அந்த மஞ்சள் வரிக்கு ஓரத்தில் குறிப்பு எழுதும் வசதி இருந்தது, ஒரே கணக்கு என்பதால் இங்கே எழுதினால் அங்கேயும் தெரியும். எழுதினேன்: "நான் ரெஜினா. இது யாரு? பயப்படாம இதுலயே எழுதுங்க. வேற யாரும் பாக்க மாட்டாக."

மறுநாள் பதினோரு மணி இடைவேளையில் திறந்தால் பதில் இருந்தது. ஊரில் அது மூன்றரை மணி, அடுக்களை ஓய்ந்த நேரம்.

"நாந்தான் மதினி. யார்ட்டயும் சொல்லிராத."

சகாயராணி மதினிக்கு நாற்பத்து நாலு வயது. இரண்டு மாதமாக இடது பக்கம் ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு, வலியில்லை. டாக்டரிடம் போகவில்லை. "ஜெனிட்டா கல்யாணம் முடியட்டும். அப்புறம் கடல் தெறந்துரும், ஒங்க அண்ணன் தொழிலுக்குப் போகட்டும். மாதா திருவிழாவுக்குப் பெறகு பாப்போம்" என்று எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜூன் போய் ஜூலை போய் செப்டம்பர் வரைக்கும் அந்தக் கட்டி இவளுக்காகக் கைகட்டிக் காத்துக்கொண்டு நிற்குமா? "மதினி, நான் நர்ஸ். நாள் கடத்தக் கூடாது. இந்த வாரமே போங்க" என்று எழுதினேன். "கல்யாண வீட்டுல இதச் சொன்னா அபசகுனம்னு பேசுவாக" என்று எழுதினாள். "நான் கிளம்பி வாரேன்" என்று எழுதினேன். "நீ வந்து எறங்குனா ஊரே என்னன்னு விசாரிக்கும். வராத. இதுல எழுதிக்கிட்டு இரு, அது போதும்" என்று எழுதினாள். பத்து நாள் இப்படியே போனது. அவளும் அசையவில்லை, நானும் விடவில்லை. சந்தாவை நிறுத்துகிற பேச்சுக்கே இடமில்லாமல் போனது, ஆந்தை பணத்தை எடுத்துக்கொண்டு கண்ணீரைத் துடைத்துக்கொண்டது.

நான் இடைவேளைதோறும் போனில் முகத்தைப் புதைத்திருப்பதை ஷிவோன் கவனித்திருக்கிறாள். "இவ்வளவு மூழ்கிப்போகிறாயே, அப்படி என்ன புத்தகம்?" என்றாள். எனக்கிருந்த எரிச்சலில் மறைக்கத் தோன்றவில்லை, மார்பகக் கட்டி பற்றியது என்றேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள், வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் விடுப்பு எடுத்துக்கொள் என்றார். என் வேலை நேரத்தையெல்லாம் நான்கு பேர் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, ஊரில் என் அண்ணன் மனைவிக்கு என்று விளக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

"சரி, அவள் போன் செய்து உன்னிடம் சொன்னாளா?" என்றாள் ஷிவோன்.

"இல்லை, புத்தகத்தின் ஓரத்தில் எழுதினாள்."

"போனில் ஏன் சொல்லவில்லை?"

"போனில் எல்லாரும் இருப்பார்கள்."

"எல்லாரும் இருக்கும்போது சொல்வதுதானே நல்லது?"

அவள் கேட்டது நியாயம்தான், எங்கள் வீட்டில் அது செல்லாது என்பதும் நிஜம்தான்.

பதினோராம் நாள் இடைவேளையில் திறந்தேன். மின்னூல் அலமாரி காலி. பத்துப் புத்தகமும் இல்லை. அண்ணனின் பதினாலு நாள் கணக்கு! தேடிப் பிடித்து அதை மறுபடி எடுத்தேன். நல்லவேளை, ஓரத்தில் எழுதியது எதுவும் அழியவில்லை. முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போனேன். எங்கள் சண்டைக்கெல்லாம் கீழே, புதிதாக ஒன்று, நீளமாக.

"ஏ புள்ள ரெஜி, அந்தோணி எழுதுறேன். புத்தகத்தக் குடுக்குறதுக்கு முன்னால கிழிசல் ஏதும் இருக்கான்னு பாக்கணும்ல, அதுக்குத்தான் ஒவ்வொண்ணாத் தெறந்தேன். ரெண்டு பேரும் எழுதுனது பூராம் வாசிச்சிட்டேன். பக்கத்துல படுத்துக் கெடக்குறவன்ட்ட சொல்லாம கடல் தாண்டி ஒன்ட்ட சொல்லியிருக்கா, அது இருக்கட்டும். மாப்ள வீட்டுல பேசிக் கல்யாணத்தத் தள்ளி வச்சாச்சு. ஏன்னு கேட்டாக, போட்டு வேலை முடியலன்னு சொல்லிட்டேன். செவ்வாக்கெழம காலைல இவளக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போறேன். டாக்டர்ட்ட என்னென்ன கேக்கணும்னு இதுல எழுதிப் போடு. போன்ல சொல்லாத, அம்மா கேட்டா பயந்துரும்."

அழுதேன். சிரிக்கவும் செய்தேன். டிஜிட்டல் புத்தகத்தில் கிழிசல் தேடுகிற மனிதர் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு நான் அந்த ஓரத்தில் எழுதியது ஒரு பரீட்சைத் தாள் அளவு இருக்கும். எந்தப் பரிசோதனை, எதற்கு, எந்தப் பதில் வந்தால் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று வரிசையாக. அண்ணன் அதை டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார். "யாரு சார் எழுதிக் குடுத்தது?" என்று டாக்டர் கேட்டதற்கு, "புத்தகத்துல போட்டிருக்கு" என்றாராம்.

சோதனையில் கெட்ட கட்டிதான் என்று வந்தது. ஆனால் சின்னது, பரவவில்லை. இன்னும் நாலு மாதம் விட்டிருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னதை மதினியே எழுதினாள், திட்டுவதற்கு எனக்கு இடம் வைக்காமல் முந்திக்கொண்டாள். இப்போது ஆபரேஷன் முடிந்து மருந்து போய்க்கொண்டிருக்கிறது, தேறி வருகிறாள். பெயர்களை மாற்றி இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. அம்மா கண்ணுக்கு எப்படியும் எழுத்துத் தெரியாது" என்றாள்.

அந்த ஆபரேஷன் நாளைத்தான் சொல்ல வேண்டும். மதுரையில் மத்தியானம், எனக்குக் காலை. வார்டில் என் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஷிவோன் என்னைப் பணியாளர் அறைக்குத் தள்ளிவிட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு போனையே பார்த்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் மதினி ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டிருந்தாள். "பச்சக் கவுனு மாட்டி விட்டுட்டாக." "வளையலக் கழட்டச் சொன்னாக, வரல, சோப்புப் போட்டாக." பிறகு, "கூப்புடுறாக. போன ஒங்க அண்ணன்ட்டக் குடுக்குறேன்."

ஜெபம் எழுதலாம், தைரியம் எழுதலாம், இவ்வளவு நாள் எழுதியதில் மிச்சம் எதுவும் இல்லை. "போயிட்டு வாங்க மதினி. நான் இங்கனதான் இருக்கேன்" என்று எழுதினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மதினி உள்ளே போயிருப்பாள், அந்த வரியை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே அண்ணன் எழுதினார்.

"ரெண்டு மணி நேரம் ஆகுமாம். எம்புட்டு நேரம் நிப்ப? ஒக்காரு."

நான் கார்க்கில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில், அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.